கோச்சிங்குக்குப் பணம் கட்டுமுன் ஒரு நோட்டு வாங்குங்கள்

பிளஸ் ஒன் படிக்கும் மகள் வக்கீல் ஆக வேண்டும் என்கிறாள். ஆனால் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான நுழைவுத் தேர்வான 'கிளாட்'டின் மாதிரி வினாத்தாளில் ஆங்கிலப் பத்தியைப் பார்த்தாலே பயந்து அழுகிறாள். மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கிவிடலாம் என்கிறார் அவள் சித்தப்பா. சென்னையில் ஹாஸ்டலோடு கோச்சிங் சேர்க்கச் சொல்கிறார்கள் மற்ற உறவினர்கள். எதைச் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கவலை புரிகிறது. ஆனாலும் நேராகவே சொல்கிறேன்: இரண்டும் வேண்டாம்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் பற்றிப் பேசவே ஒன்றுமில்லை. அவள் கேட்காத படிப்புக்கு நிலத்தை அடகு வைத்தால் வட்டி கட்டப்போவது நீங்கள்தான், சித்தப்பா இல்லை.

கோச்சிங்குக்கு வருவோம். கிளாட் தேர்வில் 2 மணி நேரத்தில் 120 கேள்விகள். தவறான விடைக்கு 0.25 மதிப்பெண் குறையும். ஆங்கிலப் பத்தி ஒவ்வொன்றும் ஏறக்குறைய 450 சொற்கள். சட்டம், தர்க்கம் எல்லாமே பத்தியைப் படித்துப் பதில் சொல்வதுதான். நேரத்தை மிச்சம் பிடிக்கும் உத்தியைப் பணம் கொடுத்துக் கற்கலாம். படித்ததே புரியாதபோது அந்த உத்தியை வைத்து என்ன செய்வது?

அவளுக்கு இப்போது தேவை ஒரு லாங் சைஸ் நோட்டு. இடப்பக்கத்தில், படிக்கும்போது சிக்கிய வாக்கியத்தை அப்படியே எழுதட்டும். வலப்பக்கத்தில் அதைப் பற்றி மனதில் வருவதைப் பத்து நிமிடம் பேச்சுத் தமிழிலேயே, நிறுத்தாமல் கிறுக்கட்டும். இலக்கணம் வேண்டாம், அடித்தல் திருத்தல் வேண்டாம். 'புரியல' என்று மட்டும் எழுதிவிட்டு நகரக் கூடாது. எந்த இடத்தில், ஏன் புரியவில்லை என்று எழுத வேண்டும். ஆசிரியர் சொல்வது தப்பு என்று தோன்றினால் சண்டை போடலாம். அப்புறம் பத்தியை மறுபடி படித்து, மாறியதை அடியில் எழுதலாம்.

ஓர் உதாரணம். அரசியலமைப்பின் 21-வது பிரிவு ஒரே வாக்கியம்தான். சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்கக் கூடாது என்பது அதன் சாரம். உங்கள் மகள் இப்படிக் கிறுக்கக்கூடும்: "அப்போ ஒரு சட்டம் போட்டுட்டா யாரை வேணா உள்ள தள்ளலாமா? சட்டமே அநியாயமா இருந்தா? இது பாதுகாப்பா, ஓட்டையா?"

இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. அன்றைய சென்னை அரசு தடுப்புக் காவலில் வைத்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் வழக்கில் இதே சிக்கல்தான். சட்டமன்றமோ நாடாளுமன்றமோ இயற்றிய சட்டத்தில் உள்ள நடைமுறையைப் பின்பற்றினால் போதும் என்றார்கள் 1950-ல் பெரும்பான்மை நீதிபதிகள். பாஸ்போர்ட் முடக்கப்பட்ட மேனகா காந்தியின் வழக்கில், அந்த நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று 1978-ல் தீர்ப்பு வந்தது. தானே அந்தக் கேள்வியை எழுதிப் பார்த்த பெண்ணுக்கு இந்த இரண்டு தீர்ப்புகளையும் பற்றிய பத்தி பாதி தெரிந்த கதை. கேள்வியே எழாமல் படிப்பவளுக்கு அது வெறும் பெயரும் வருஷமும்.

தமிழில் எழுதினால் ஆங்கிலம் எப்படி வரும் என்று கேட்பீர்கள். யோசிப்பது தமிழில் நடக்கட்டும். மறுநாள் அதே பத்தியின் வாதத்தைத் தன் சொந்த ஆங்கிலத்தில் இரண்டே வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். எழுத வரவில்லை என்றால் பத்தி இன்னும் பிடிபடவில்லை, திரும்பப் போக வேண்டும். தினம் ஒரு பத்தி போதும். ஆங்கில நாளிதழின் தலையங்கமே தாராளம்.

ஒரு கண்டிப்பு: அந்த நோட்டை நீங்கள் திறக்கக் கூடாது. எழுத்துப்பிழைக்குச் சிவப்பு மை போட்டீர்களானால் அடுத்த நாளே அவள் உங்களுக்காக எழுத ஆரம்பித்துவிடுவாள்.

மூன்று மாதம் கழித்து, கிளாட் தேர்வை நடத்தும் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பின் இணையதளத்தில் இருக்கும் பழைய வினாத்தாள் ஒன்றைக் கடிகாரம் வைத்துப் போடச் சொல்லுங்கள். அப்போதும் வேகம் மட்டும் குறைவு என்றால் வார இறுதி வகுப்பைப் பற்றிப் பேசலாம், ஹாஸ்டலைப் பற்றி அல்ல. கிளாட் கைகூடாவிட்டாலும், நம் அரசு சட்டக் கல்லூரிகளின் ஐந்தாண்டுப் படிப்புக்கு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கிறார்கள். விண்ணப்பம் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் வழியாக. அதற்கு நிலத்தை அடகு வைக்க வேண்டியிருக்காது.