விடைபெறும் மாணவர்களை நாற்காலி அடுக்க விடாதீர்கள்

கேள்வி: கல்லூரி நூலகம் ஒன்றில் புத்தகம் வழங்கும் பிரிவைக் கவனித்துவருகிறேன். படித்துக்கொண்டே எங்களிடம் பகுதிநேரமாக வேலை பார்த்த 9 மாணவர்கள் இந்த ஆண்டு படிப்பை முடித்து விடைபெறுகிறார்கள். நன்றி தெரிவிக்கும் விதமாக ஓர் இரவு விருந்து கொடுக்க விரும்புகிறோம். சென்ற முறை பாதிப்பேர் வரவில்லை; வந்தவர்களும் சாப்பிட்ட கையோடு கிளம்பிவிட்டார்கள். இம்முறை எப்படி நடத்தலாம்?

பதில்: பாதிப்பேர் வராததற்குப் பெரும்பாலும் தேதிதான் காரணமாக இருந்திருக்கும். இறுதியாண்டு மாணவருக்குக் கடைசி இரண்டு மூன்று வாரங்கள் தேர்வுக்கும் ஆய்வேட்டுக்குமே போதாது. அதன் பிறகோ, விடுதி அறையைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போயிருப்பார். ஆகவே தேர்வுப் பரபரப்பு தொடங்கும் முன்பே விருந்தை வைத்துவிடுங்கள். 9 பேர்தானே, ஒவ்வொருவரையும் நேரில் கேட்டே தேதியை முடிவு செய்யலாம். ரம்ஜான் நோன்பு ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னதாக வந்துவிடும் என்பதால், சென்ற முறை பொருந்திய அதே வாரம் இம்முறையும் பொருந்தும் என்று எண்ணிவிடாதீர்கள். யார் எதைச் சாப்பிட மாட்டார், யாருக்கு எது ஒவ்வாது என்பதையும் அப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

அன்றிரவு நூலகம் திறந்திருக்குமானால் வழங்கல் மேசையில் யார் இருப்பது என்பதையும் முன்னரே தீர்மானியுங்கள். நிரந்தர ஊழியர்கள் அந்தப் பொறுப்பை ஏற்காவிட்டால், நன்றிக்குரியவர்களில் இருவர் மேசையிலேயே உட்கார்ந்திருக்க நேரிடும். நான் போயிருந்த ஒரு விருந்தில், விடைபெறும் மாணவர்களே நாற்காலிகளை அடுக்கி, மேசை விரிப்புகளை மடித்துவைத்துவிட்டுப் போனார்கள். பழக்கதோஷம்தான்; ஆனாலும் எங்களில் ஒருவருக்குக்கூட அவர்களைத் தடுக்கத் தோன்றவில்லை என்பதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

சாப்பிட்ட கையோடு கிளம்பியதற்குக் காரணம் வேறு. "உங்கள் உழைப்புக்கும் ஒத்துழைப்புக்கும் நன்றி" என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரே வாக்கியத்தைச் சொல்லி முடித்திருப்பீர்கள் என்பது என் ஊகம். அந்த வாக்கியத்தை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லலாம் என்பது அவர்களுக்கும் தெரியும். ஒவ்வொருவரைப் பற்றியும், அவர் மட்டுமே செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். எடுத்துக்காட்டாக, நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி பகுப்பு முறையில் தமிழ் மொழிக்கு 494.811, தமிழ் இலக்கியத்துக்கு 894.811. முதல் இலக்கத்தில் கண் சறுக்கினால் ஒரு கவிதைத் தொகுப்பு இலக்கண நூல்களுக்கு நடுவே போய்ச் செருகிக்கொள்ளும். கணினியோ அது அடுக்கில் இருப்பதாகவே காட்டிக்கொண்டிருக்கும். அப்படித் தொலைந்த ஒரு நூலை அடுக்கு அடுக்காகத் தேடி எடுத்துவந்த மாணவி உங்களிடமும் இருப்பார். அந்த நூலின் பெயரோடு அதைச் சொல்லிப் பாருங்கள், அவர் முகம் மலர்வதைக் காண்பீர்கள். மாலை நேரத்தில் நடப்பவை மேற்பார்வையாளரின் கண்ணில் படுவதில்லை என்பதால், உடன் வேலை பார்த்தவர்களிடம் விசாரித்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு 2 நிமிடம் என்றால் மொத்தம் 18 நிமிடம். உணவு ஆறுவதற்குள் பேசி முடித்துவிடலாம்.

கேள்வி: செலவுக்கு ஒதுக்கிய தொகை சிறியது. நினைவுப் பரிசு அவசியமா?

பதில்: அவசியமில்லை. கேடயத்தைவிட அனுபவச் சான்றிதழ் அவர்களுக்குப் பயன்படும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வாரம் எத்தனை மணி நேரம், என்னென்ன பொறுப்புகள் என்பதை விவரமாக எழுதி, கையொப்பமிட்டு, விருந்தன்றே கையில் கொடுங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது உங்கள் பெயரைப் பரிந்துரையாளராகக் குறிப்பிடலாம் என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துக் கேட்க நேர்ந்தால் பலர் தயங்கிக் கேட்காமலே இருந்துவிடுவார்கள்.

கேள்வி: அந்த 9 பேரில் ஒருவர் அடிக்கடி தாமதமாக வந்து எச்சரிக்கை பெற்றவர். அவரையும் அழைக்கலாமா?

பதில்: தாராளமாக அழையுங்கள், எட்டுப் பேரை அழைத்து ஒருவரை விட்டால் அந்த ஒருவரைப் பற்றித்தான் விருந்து முழுவதும் பேச்சாக இருக்கும். அதற்காக அவரை நேரம் தவறாதவர் என்று புகழவும் வேண்டாம், தாமதத்தை வேடிக்கையாகக் குறிப்பிடவும் வேண்டாம். தாமதமாக வந்தாலும், வந்த பிறகு அவர் எதையோ நன்றாகச் செய்திருப்பார். அதைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள்.