மனிதர் ஒருவர் கடந்துவந்த மிகப் பதற்றமான தருணம் எது?

எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் சோவியத் விண்வெளி வீரர் அலெக்சேய் லியோனவ். 1965 மார்ச் 18 அன்று விண்கலத்தைவிட்டு வெளியே வந்து மிதந்த முதல் மனிதர். வெளியே காற்றழுத்தம் இல்லாததால், உள்ளே அடைத்திருந்த காற்றில் அவருடைய உடை பலூன்போல உப்பி விறைத்துவிட்டது. விரல்கள் கையுறையின் நுனியை எட்டவில்லை. விண்கலத்தோடு அவரைப் பிணைத்திருந்த கயிற்றைச் சுருட்ட முடியவில்லை. விண்கலத்துக்குள் திரும்ப ஒரே வழி, வால்வைத் திறந்து உடையிலிருந்த காற்றையே கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றுவது! அழுத்தம் அளவுக்கு மீறிக் குறைந்தால் இரத்தத்தில் நைட்ரஜன் குமிழ்கள் உருவாகும்; அது உயிருக்கே ஆபத்து. தரைக் கட்டுப்பாட்டு மையத்திடம் கேட்காமலே அதைச் செய்தார். கால்களை முதலில் நுழைக்க வேண்டியவர் தலையை நுழைத்தார். பிறகு விண்கலத்தின் குறுகிய நுழைவறைக்குள் உடம்பை வளைத்துத் திரும்பினார். வெளியே இருந்தது சுமார் 12 நிமிடங்கள்தான். நினைத்தாலே எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது.