ப்ரைவேட் யாரைக் காக்கும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜாவா என்ற கணினி மொழியில் புரோகிராம் எழுதும் வேலை பார்க்கிறேன். எங்கள் பில்லிங் மாட்யூலில், ஆர்டர் கிளாஸுக்குள் பொருட்களின் லிஸ்ட்டை ப்ரைவேட்டாகத்தான், அதாவது வெளியே இருந்து நேரடியாகத் தொட முடியாதபடிதான், வைத்திருந்தேன். ரிப்போர்ட் எழுதும் நண்பர், உள்ளே இருப்பதை வெளியே கொடுக்கும் கெட்டர் என்ற மெத்தட் வழியாக அதை வாங்கி, தனக்கு வேண்டாத பொருட்களை நீக்கிவிட்டார். பில் தொகை குறைந்துபோனது. பழி என்மேல். இனி எல்லா கெட்டரிலும் காப்பி எடுத்துத்தான் கொடுக்க வேண்டுமா? வேகம் குறையாதா? பேசாமல் ரஸ்ட் மொழிக்கே மாறிவிடலாமா?

கே.

அன்புள்ள கே,

மனம் நொந்து எழுதியிருக்கிறீர்கள், புரிகிறது. ஆனாலும் பழி சரியான ஆள்மேல்தான் விழுந்திருக்கிறது. நண்பர் எதையும் திருடவில்லை. நீங்கள் கொடுத்ததை வாங்கினார். வேகத்தைப் பற்றிய கவலையை விடுங்கள். அளந்து பார்க்காமல் வேகம் பேசுகிறவர்களோடு நான் வாதிடுவதில்லை.

"ப்ரைவேட்டாகத்தான் வைத்திருந்தேன்" என்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ப்ரைவேட் காப்பது அந்தப் பெயரை மட்டும்தான். அந்தப் பெயர் சுட்டுகிற ஆப்ஜெக்ட்டை அது காப்பதில்லை. அந்தப் பெயர் வேறொன்றைச் சுட்டாமல் தடுக்கும் ஃபைனலும் அப்படித்தான். கடைக்காரர் கணக்கு நோட்டை இரும்புப் பெட்டியில் பூட்டுகிறார், கேட்டவரிடம் நோட்டையே எடுத்து நீட்டுகிறார். அப்புறம் பூட்டு எதற்கு? ஆப்ஜெக்ட்டுகள் தங்கள் உள்விவரத்தைக் காக்கின்றன என்பதே பெரிய பொய் என்று ஆய்வாளர் ஜான் ஹாக் 1991-லேயே எழுதிவிட்டார். நாம் இன்னும் அந்தப் பொய்யைத்தான் முதலாண்டு மாணவர்களுக்குப் பாடமாக நடத்துகிறோம்.

ஜாவாவை உருவாக்கியவர்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். 1997-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜாவாவின் மென்பொருள் தொகுப்பான ஜேடிகே 1.1-ல் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். ஒரு கிளாஸில் யார் யார் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்று சொல்லும் கெட்சைனர்ஸ் மெத்தட், காப்பி கொடுக்காமல் உள்ளே இருந்த அரேயையே கொடுத்தது. இணையப் பக்கத்தோடு வந்து ஓடும் சிறு புரோகிராமான ஆப்லெட் ஒன்று அதை வாங்கி, தன் கையெழுத்து இருந்த இடத்தில் சிஸ்டம் நம்புகிற ஒருவருடையதை வைத்துவிடலாம். அவருக்குரிய அனுமதியெல்லாம் அதற்குக் கிடைத்துவிடும். பாதுகாப்புக்கென்றே எழுதிய புரோகிராம் அது! உங்கள் கெட்டருக்கும் அதற்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்கள்.

சரி, காப்பி. வாங்கியவரை மாற்ற விடாத அன்மாடிஃபையபிள்லிஸ்ட் என்பது வெறும் ஜன்னல். உள்ளே மாறினால் வெளியே தெரியும். ஜாவா 10-ல் வந்த லிஸ்ட்.காப்பிஆஃப் லிஸ்ட்டைத் தனியாகப் பிரித்துக் கொடுக்கும், ஆனால் அதில் இருக்கிற ஒவ்வொரு பொருளும் பழைய ஆப்ஜெக்ட்டேதான். நண்பர் நாளைக்கு விலையை மாற்றினால் மறுபடியும் எனக்குக் கடிதம் எழுதுவீர்கள். காப்பிக்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: இந்த லிஸ்ட் யாருடையது? டேவ் கிளார்க், ஜான் பாட்டர், ஜேம்ஸ் நோபிள் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1998-ல் அந்தப் பதிலை டைப்பிலேயே, அதாவது கம்பைலர் சரிபார்க்கும் வகைக்குறிப்பிலேயே, எழுதிவைக்கச் சொன்னார்கள். ஜாவா அதை எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே நீங்கள்தான் மனதில் வைத்திருக்க வேண்டும்.

ரஸ்ட் நல்ல மொழிதான். பலர் படிக்கலாம், அல்லது ஒருவர் மட்டும் மாற்றலாம் என்பதை கம்பைலரே காவல் காக்கும். ஆனால் உடைமையைப் பற்றி யோசிக்காதவர் அங்கே போனாலும் பார்த்த இடத்திலெல்லாம் குளோன் போட்டு, காப்பி எடுத்துக்கொண்டிருப்பார்.

இன்றைக்கு ஒன்று செய்யுங்கள். அந்த கெட்டரை அழித்துவிட்டு கம்பைல் பண்ணுங்கள். எங்கெல்லாம் எரர் வருகிறதோ, அங்கெல்லாம் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். மொத்தத் தொகை வேண்டுமென்றால் ஆர்டரே கூட்டிச் சொல்லட்டும். ரிப்போர்ட்டுக்கு வடிகட்ட வேண்டுமென்றால் அதற்கு ஒரு மெத்தட் எழுதுங்கள். எல்லாம் முடிந்த பிறகும் நண்பர்மேல் கோபம் மிச்சமிருந்தால், தாராளமாகத் திட்டுங்கள்.