ரத்தம் போனால் மூலம்தானா?

ஈசூனிலிருந்து 52 வயது வாசகர் ஒருவர் கேட்கிறார்: "தனியார் வாடகைக் கார் ஓட்டுகிறேன். சில மாதங்களாக வெளிக்குப் போகும்போது சொட்டுச் சொட்டாக ரத்தம் போகிறது. வலி இல்லை. 'சூட்டு மூலம், கோழியை நிறுத்துங்கள்' என்கிறார் மனைவி. மருந்துக்கடைக் களிம்பு போதுமா? அறுவை சிகிச்சை வேண்டியிருக்குமா?"

வலியில்லாமல் பளிச்சென்ற சிவப்பு ரத்தம் என்றால் உள்மூலமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் களிம்புக்கு முன்னால் டாக்டரைப் பாருங்கள். சிங்கப்பூரில் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் பெருங்குடல் புற்றுநோயும் ஒன்று. அதிலும் இப்படி ரத்தம் போகலாம். மூலமும் அதுவும் ஒருவருக்கே சேர்ந்து இருக்கவும் கூடும். "மூலம்தானே" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட்டுவிட்டு வருகிறவர்களை நினைத்துத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சிங்கப்பூர் புற்றுநோய்ச் சங்கம் 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத் தரும் மலப் பரிசோதனைப் பெட்டி, தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கானது. உங்களுக்குக் கண்ணெதிரே ரத்தம் தெரிகிறது. பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். அங்கே உறையிட்ட விரலால் சோதிப்பார்கள், ஒரு நிமிட வேலை, கூச்சப்பட ஒன்றுமில்லை. பிறகு கொலோனோஸ்கோப்பிக்கு, அதாவது கேமரா பொருத்திய குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனைக்கு, மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள். அந்தக் கடிதத்தோடு போனால் குடிமக்களுக்கு மானியக் கட்டணம் கிடைக்கும்.

ஆசனவாயின் உட்சுவரில் ரத்தக்குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற திசு எல்லாருக்குமே உண்டு. மலமும் வாயுவும் கசியாமல் மூடிக்கொள்ள அது உதவுகிறது. முக்குவதாலும் கழிப்பறையில் நெடுநேரம் உட்காருவதாலும் அது வீங்கி, பிடிப்புத் தளர்ந்து கீழே இறங்கும்போதுதான் மூலம் என்கிறோம். உள்ளே வலி உணரும் நரம்புகள் இல்லை, அதனால் உங்களுக்கு ரத்தம் மட்டும் போகிறது. வெளிமூலத்தில் ரத்தம் உறைந்துவிட்டால் உட்கார முடியாத அளவுக்கு வலிக்கும். கத்தியால் கீறுவது மாதிரி வலித்தால் அது பெரும்பாலும் ஆசனவாய் ஓரத்தில் ஏற்படும் வெடிப்பு. சொட்டுதானே என்று விட்டால் நாளடைவில் ரத்தசோகை வரலாம். படியேறினால் மூச்சு வாங்குகிறதென்றால் ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுங்கள்.

சரி, கோழி? மூலத்துக்குக் கோழி காரணமில்லை. தட்டில் கோழியும் சோறும் மட்டும் இருந்து காய், கீரை இல்லாததுதான் சிக்கல். ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். கொய்யா, பப்பாளி, கீரை, பருப்பு எல்லாம் தேக்கா சந்தையில் கிடைக்கும். போதவில்லையென்றால் இசப்கோல் என்ற நார்ச்சத்து உமி, ஆனால் அதோடு தண்ணீர் தாராளமாகக் குடிக்க வேண்டும். கார் ஓட்டுகிறவர்கள் கழிப்பறை தேட வேண்டுமே என்று தண்ணீரைக் குறைப்பார்கள், அதிலேயே மலம் கட்டிப்போகும். வருகிறபோது அடக்காதீர்கள். கைப்பேசியை வெளியே வைத்துவிட்டு, ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுங்கள்.

அறுவை சிகிச்சை பலருக்குத் தேவைப்படாது. உணவு மாற்றத்தில் அடங்காத உள்மூலத்துக்கு அடியில் ரப்பர் வளையம் போடுவார்கள். ரத்த ஓட்டம் நின்று அது சில நாளில் உதிர்ந்துவிடும், பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போகலாம். வெளியே தள்ளி, கையால் தள்ளினாலும் உள்ளே போகாத மூலத்துக்குத்தான் பெரும்பாலும் அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

களிம்பு எரிச்சலையும் அரிப்பையும் தணிக்கும், மூலத்தைச் சுருக்காது. ஸ்டீராய்டு கலந்தது என்றால் டாக்டர் சொல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் போடாதீர்கள், தோல் மெலிந்துபோகும்.