முதல் பயணத்தில் வாந்தி எடுத்தான் என்பதற்காகப் பையனைத் திரும்ப அழைக்காதீர்கள்

காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். பத்தாவது முடித்த மகன் நுழைவுத் தேர்வு எழுதி, சென்னை ராயபுரத்தில் இருக்கும் சிஃப்நெட்டில், அதாவது மத்திய அரசின் மீன்பிடிக் கப்பல் பயிற்சி நிறுவனத்தில், கப்பல் செலுத்தக் கற்றுத்தரும் வெசல் நேவிகேட்டர் படிப்பில் சேர்ந்திருக்கிறான். முதல் தடவை பயிற்சிக் கப்பலில் போனபோது துறைமுகத்தைத் தாண்டியதுமே வாந்தி. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கரைக்கு வந்ததும் போனில் அழுதிருக்கிறான். "மீன் பிடிக்கவா பிள்ளையைப் படிக்கவைக்கிறீர்கள்?" என்று தாய்மாமன் குதிக்கிறார். சித்தப்பாவுக்குத் தெரிந்த ஏஜென்ட் ஒருவர், பன்னிரண்டாவது முடித்ததும் மர்ச்சன்ட் நேவியில், அதாவது சரக்குக் கப்பல் வேலையில், ஏற்றிவிடுவாராம். அட்வான்ஸை இப்போதே கேட்கிறாராம். அடுத்த பயணத்துக்கு இன்னும் பத்து நாள்தான். அனுப்பலாமா என்று கேட்கிறார்.

அனுப்புங்கள் அம்மா. ஏஜென்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

முதலில் அந்த வாந்தியைப் பற்றி. உடம்பு ஆடுகிறது என்று காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்கிறது. கேபின் சுவரைப் பார்க்கும் கண்ணோ எதுவும் அசையவில்லை என்கிறது. இந்தக் குழப்பம்தான் குமட்டலாக வருகிறது. இது பயமும் இல்லை, பலவீனமும் இல்லை. பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். உங்கள் மகனுக்கு அது அடங்குகிற நேரத்தில் கப்பல் கரைக்கு வந்துவிட்டது. அடுத்த முறையும் முதல் நாள் வரலாம் என்பதை இப்போதே அவனிடம் சொல்லிவையுங்கள். எதிர்பார்த்துப் போகிறவனுக்குப் பாதிப் பயம் குறையும்.

மாத்திரையை வாந்தி தொடங்கிய பிறகு விழுங்கிப் பயனில்லை, வெளியேதான் வரும். மருத்துவரிடம் கேட்டு, கப்பல் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். அது தூக்கம் தரும் என்பதால் போட்டிருப்பதை அதிகாரியிடம் சொல்லிவிட வேண்டும். அந்த நிலையில் கயிறு இழுக்கும் இயந்திரமான வின்ச் பக்கம் போகவே கூடாது. வெறும் வயிறு குமட்டலைக் கூட்டும். பொரி, ரஸ்க், இஞ்சி மிட்டாய் பையில் இருக்கட்டும். தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்காமல் வாய் வாயாகக் குடிக்கட்டும். ஆட்டம் குறைவாக இருப்பது கப்பலின் நடுப்பகுதியில். அங்கே மேல்தளத்தில் நின்று தொடுவானத்தைப் பார்த்தால் கண்ணும் காதும் ஒத்துப்போகும். டீசல் வாசனை வரும் இடமும் படுக்கையில் படுத்து போன் பார்ப்பதும் ஆகாது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தங்கவில்லை, சிறுநீர் போகவில்லை என்றால் மட்டும் அது வேறு விஷயம்; மறைக்காமல் உடனே சொல்ல வேண்டும்.

உறவினர்கள் சொல்வதற்கு வருகிறேன். மர்ச்சன்ட் நேவி நல்ல தொழில்தான். ஆனால் அதில் அதிகாரியாவதற்கான டி.என்.எஸ். டிப்ளமோ என்பது ஒரு வருடப் படிப்போடு முடிவதில்லை. பிறகு 18 மாதம் கப்பலில் கேடட்டாக, அதாவது பயிற்சி அதிகாரியாக, இருந்தால்தான் அதிகாரித் தேர்வுக்கே போக முடியும். கப்பல் கம்பெனியின் ஸ்பான்சர்ஷிப் இல்லாமல் லட்சக்கணக்கில் கட்டிப் படித்துவிட்டு, அந்த 18 மாதத்துக்குக் கப்பல் கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மாலுமிகளை வேலைக்கு எடுத்துத்தர அரசு தரும் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் பெற்ற நிறுவனமே ஆனாலும், கப்பலில் வேலை தருவதற்காக மாலுமியிடம் பணம் வாங்கச் சட்டத்தில் இடமில்லை. பணம் கேட்கிறார் என்பது ஒன்றே அந்த ஏஜென்டை விலக்கப் போதும்.

கையில் இருப்பது மத்திய அரசின் பயிற்சி இடம். 1963-ல் கொச்சியில் தொடங்கிய நிறுவனம். சென்னைப் பிரிவு 1968-ல் வந்தது. இங்கே படித்து, தேவையான கடல் நாட்களைச் சேர்த்தால், மத்திய அரசின் வணிகக் கடல்துறை அலுவலகமான எம்.எம்.டி. நடத்தும் மேட் ஆஃப் ஃபிஷிங் வெசல் (மீன்பிடிக் கப்பலின் துணை அதிகாரி) தேர்வு எழுதலாம், அதற்கு மேல் கப்பல் தலைவரான ஸ்கிப்பர். அது மீன்பிடிக் கப்பலுக்கான சான்றிதழ், சரக்குக் கப்பலுக்கு வேறு. இதைத் தெரிந்துகொண்டே போக வேண்டும். பாக் நீரிணையின் இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிப்புக்கு மாற்றும் திட்டம் 2017-ல் வந்தது. ஒரு படகுக்கு 80 லட்சம் ரூபாய் மதிப்பு வைத்தார்கள். அப்படிப்பட்ட படகை நடத்த, வரைபடம் படிக்கவும் மீனைக் கெடாமல் கொண்டுவரவும் தெரிந்த ஆள் வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் மீனவர்கள் ஆழ்கடலுக்குப் போவதைப் பார்த்தவர்கள் யாரும் 'மீன் பிடிக்கவா' என்று இளக்காரமாகக் கேட்க மாட்டார்கள்.

கப்பலில் பையன் உண்மையில் திணறப்போவது வாட்ச் முறையில், அதாவது முறைவைத்துப் பார்க்கும் காவல் வேலையில். நாலு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு; 12-4, 4-8, 8-12 என்று இரவும் பகலும் சுற்றும். நாலு மணி வாட்ச் என்றால் மூன்றரைக்கு எழ வேண்டும். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். கப்பலைச் செலுத்தும் மேல் அறையான பிரிட்ஜில் ஒரு தடவை போன் திரையைப் பார்த்தால் அத்தனையும் வீண். பத்து நிமிடம் முன்னதாகவே போய்ப் போக்குத் திசை, சுற்றியுள்ள விளக்குகள், பயணக் குறிப்பேடான லாக் புத்தகம் மூன்றையும் பார்த்த பிறகே பொறுப்பை வாங்க வேண்டும். ஓய்வு நேரத்தில் சீட்டாடாமல் தூங்குகிறவன்தான் ஒரு வாரம் தாங்குவான்.

சுக்கான் பிடிக்கும்போது எல்லாப் புதுப் பையன்களும் ஒரே தவறைச் செய்வார்கள். திருப்பினால் கப்பல் உடனே கேட்காது. கேட்கவில்லையே என்று இன்னும் திருப்புவார்கள். பிறகு கப்பல் வேகமாகச் சுழன்று போக வேண்டிய திசையைத் தாண்டிவிடும். பதறி மறுபக்கம் திருப்புவார்கள். பின்னால் பார்த்தால் நுரைத்தடம் பாம்பாக நெளிந்திருக்கும். கொஞ்சமாகத் திருப்பி, காத்திருந்து, காம்பஸ் முள் உரிய எண்ணுக்கு வருவதற்கு முன்பே சுக்கானை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். கட்டளையை வாய்விட்டுத் திருப்பிச் சொல்வது மரியாதைக்காக அல்ல. காற்றிலும் என்ஜின் சத்தத்திலும் காதில் சரியாக விழுந்ததா என்று தெரிய வேறு வழியில்லை.

நீண்ட கயிற்றில் ஏராளமான கொக்கிகளைத் தொங்கவிட்டுச் சூரை பிடிக்கும் ஆயிரங்கால் தூண்டில் வேலையில் என் கண்டிப்பு இன்னும் கூடுதல். ஓடும் கயிற்றின் வளையத்துக்குள் கால் வைக்கக் கூடாது. கணுக்காலில் மாட்டினால் ஆளையே கடலுக்குள் இழுத்துவிடும். இறுக்கமாக நிற்கும் கம்பிவடத்தின் நேர்க்கோட்டில் நிற்கக் கூடாது. ஏற்றும்போது மீன் பிய்த்துக்கொண்டால் கொக்கி முகத்தை நோக்கித் திரும்பி வரும். தளத்துக்கு வந்த சூரையை உடனே கொன்று, இரத்தம் வடித்து, குடல் நீக்கி ஐஸில் வைக்க வேண்டும். வெயிலில் தாமதித்தால் ஹிஸ்டமைன் என்ற நச்சு கூடும். பிறகு சமைத்தாலும் அது போகாது.

பெட்டி வேண்டாம், மடித்து வைக்கிற துணிப்பை போதும். முழுக்கைப் பருத்திச் சட்டை இரண்டு, வழுக்காத ஷூ, கூடுதல் உள்ளாடை, பவுடர். உப்பும் வியர்வையும் சேர்ந்து தொடையிடுக்கில் புண்ணாக்கும். ஈரத் துணியோடு தூங்கக் கூடாது. நன்னீர் அளவாகத்தான் கிடைக்கும். கரை மறைந்த கொஞ்ச நேரத்தில் போன் எடுக்காது. அழைப்பு வராத நாட்களில் அலுவலகத்தைப் பதறவைக்காதீர்கள்.

திரும்பி வந்ததும் அவனுடைய பயிற்சிப் பதிவேட்டில் ஏறிய தேதியும் இறங்கிய தேதியும் கையெழுத்தோடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விடுபட்ட நாட்களைப் பிறகு சேர்ப்பது பெரும்பாடு. அன்றைக்கு 'கஷ்டமா இருந்ததா' என்று கேட்காதீர்கள், மூன்றாவது நாளில் என்ன செய்தான் என்று கேளுங்கள். சுக்கானைப் பற்றியோ வலை முடிச்சைப் பற்றியோ பேச ஆரம்பித்தால் விட்டுவிடுங்கள். குமட்டல் நின்று, நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிய நாட்களிலும் அவனுக்கு அந்த வேலையில் மனம் ஒட்டவில்லை என்றால், வீட்டுக்கு அழைத்துக்கொள்ளுங்கள். அப்போது யாரும் அவனை ஏசக் கூடாது. மாமாவிடமும் அதைச் சொல்லிவிடுங்கள்.

சித்தப்பா ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்திருந்தால், ஏஜென்ட் அடுத்த தவணை கேட்பதற்குள் இந்த வாரமே எழுத்தில் திருப்பிக் கேளுங்கள்.