இலியட்டில் கசாண்ட்ராவின் சாபம் எங்கே?

ஹோமரின் டிராய்ப் போர்க் காவியமான இலியட் முழுக்கத் தேடியும், வருவதைச் சரியாகச் சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள் என்ற கசாண்ட்ராவின் சாபம் கிடைக்கவில்லை, கட்டுரை பாதியில் நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அது அங்கே இல்லை. ஹோமருக்கு அவள் டிராய் அரசன் பிரியாமின் அழகான மகள், கடைசிப் பாடலில் போரில் இறந்த சகோதரன் ஹெக்டரின் உடல் டிராய்க்குத் திரும்புவதை முதலில் பார்ப்பவள், அவ்வளவுதான். உங்களுக்கு வேண்டியது கி.மு. 458இல் அரங்கேறிய ஈஸ்கிலஸின் அகமெம்னான் நாடகம். அப்போலோ தெய்வத்துக்கு வாக்குக் கொடுத்து ஏமாற்றினேன், அதற்கப்புறம் என் சொல்லை யாரும் நம்பவில்லை என்று அங்கே அவளே சொல்கிறாள். அவளைச் சிறைபிடித்து வந்த ஆர்கோஸ் அரசன் அகமெம்னானின் வீட்டில் முன்பு நடந்த கொலைகளை அவள் சொல்லும்போது ஆர்கோஸ் முதியவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள், ஆனால் அகமெம்னான் சாகப்போகிறான் என்றதும் வாயை மூடு என்கிறார்கள். தன் சாவும் உள்ளே காத்திருக்கிறது என்று தெரிந்தே அவள் அரண்மனைக்குள் நடந்து போவதுதான் என்னை உலுக்கும் இடம். கட்டுரையை அந்தக் காட்சியிலிருந்தே தொடங்குங்கள்.