ஹோட்டலில் என்னோடு பேசாத மாமனார்

அன்புள்ள ஆலோசகருக்கு,

நாங்கள் குன்னூரில் வசிக்கிறோம். மகள் ஒன்பதாம் வகுப்பும் மகன் நான்காம் வகுப்பும் படிக்கிறார்கள். மாமனாருக்கு வயது 71. தேயிலைத் தொழிற்சாலையில், இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் இரைச்சலான சி.டி.சி. இயந்திரங்களின் பக்கத்திலேயே நின்று வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அத்தை சென்ற ஆண்டு காலமாகிவிட்டார்.

சம்பளம் வந்ததும் வரும் சனிக்கிழமை இரவு, எங்கள் தெருவுக்குச் சற்றுக் கீழே உள்ள சிறிய ஹோட்டலில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது அத்தை ஏற்படுத்திய வழக்கம். தகரக் கூரை, ஏழெட்டு மேசைகள், வாசலிலேயே பரோட்டாக் கல். அத்தை இருந்தவரை மாமா அங்கே சிரித்துப் பேசிச் சாப்பிடுவார். இப்போது இலையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறார். என் கணவர் கேட்டால் ஒரு வார்த்தையாவது பதில் வருகிறது. நான் “இன்னொரு தோசை சொல்லட்டுமா மாமா?” என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியதை மகள் ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியிலேயே அவர், “மழை விடாது போலிருக்கிறது, கிளம்பலாம்” என்றார். பிள்ளையின் முகம் சுருங்கிவிட்டது. போன முறை நான் கொஞ்சம் உரக்கக் கேட்டேன். “ஏன் இப்படிக் கத்துகிறாய்?” என்று எல்லோர் முன்னிலையிலும் சீறினார். அங்கே சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் எங்களுக்குத் தெரிந்தவர்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“அப்பா அப்படித்தான்” என்று கணவர் பேச்சை முடித்துவிடுகிறார். மருமகள்தானே என்கிற இளக்காரம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இனி அவரை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் நால்வர் மட்டும் போகலாமா? அப்படி நினைப்பதும் மனதை உறுத்துகிறது.

வாசகி, குன்னூர்

அன்புச் சகோதரிக்கு,

நான்கு பேர் முன்னால் சீறினால் யாருக்கும் வலிக்கும். வயதானவர்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால், மகனுக்குப் பதில் வருகிறது, உங்களுக்கும் பேத்திக்கும் வருவதில்லை என்ற இடத்தில் உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். அவருடைய காதுகளை யாராவது பரிசோதித்திருக்கிறார்களா?

வயதும் இரைச்சலும் காதைத் தாக்கும்போது உச்ச ஸ்தாயி ஒலிகள்தான் முதலில் மங்கும். பெண்கள், குழந்தைகள் குரல் அந்தப் பக்கம்தான் அதிகம் சாய்கிறது. ஆண் குரல் ஓரளவு பிடிபடும். தினமும் எட்டு மணி நேரம் 85 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சலில் ஆண்டுக்கணக்கில் இருந்தாலே உள்காதின் நுண்செல்கள் அழியத் தொடங்கும். அவை மீண்டும் முளைப்பதில்லை. இப்படிப்பட்ட காதுக்கு இன்னொரு துன்பமும் உண்டு. மெதுவாகச் சொன்னால் கேட்காது, சற்றுக் கூட்டினால் சட்டென்று காது கூசும். “ஏன் கத்துகிறாய்?” என்றது அவருக்கு உண்மையாகவே அப்படிக் கேட்டதால் இருக்கலாம். முகத்தைத் திருப்பியதும், நன்றாகக் கேட்கும் காதை உங்கள் பக்கம் கொண்டுவருவதற்காக இருக்கலாம்.

வீட்டில் நன்றாகத்தானே கேட்கிறது என்பீர்கள். அமைதியான அறையில் ஒருவர் மட்டும் பேசும்போது சமாளித்துவிடுவார். கொத்து பரோட்டா கொத்தும் சத்தமும் தகரத்தில் அடிக்கும் மழையும் சேர்ந்தால், யாரோ பேசுகிறார்கள் என்பது மட்டும்தான் தெரியும். தவறாகப் பதில் சொல்லிப் பேரப்பிள்ளைகள் சிரித்துவிடுவார்களோ என்ற கூச்சத்தில் பலர் வாயையே திறப்பதில்லை. கிளம்பலாம் என்று அவர் அவசரப்பட்டபோது, பரிசு பற்றிய ஒரு சொல்கூட அவரை எட்டியிருக்காது என்றே நினைக்கிறேன்.

உங்கள் கணவரிடம் ஒன்று கேளுங்கள்: ஹோட்டலில் அம்மா எங்கே உட்காருவார்? கணவருக்குப் பக்கத்திலேயே இருந்து, நாம் சொன்னதையெல்லாம் தன் குரலில் திருப்பிச் சொல்லும் மனைவியரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அத்தையும் அப்படி இருந்திருந்தால், அவர் போன பிறகு அந்த மேசையில் மாமாவுக்கு எதுவும் வந்து சேராமல் போனதில் வியப்பில்லை. இது என் ஊகம்தான். துக்கமும் இதில் கலந்திருக்கும். தூக்கமும் பசியும் குறைந்திருந்தாலோ, பழகிய வழியே மறந்துபோனாலோ மருத்துவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும்.

உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. முதலில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். சிலருக்கு அதை எடுத்தாலே போதும். பிறகு கேட்கும் திறனை அளப்பார்கள். நடுத்தர வயதில் தொடங்கும் செவித்திறன் குறைபாட்டை, தவிர்க்கக்கூடிய மறதிநோய்க் காரணங்களில் ஒன்றாக லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக் குழு 2020ஆம் ஆண்டு அறிக்கையில் குறிப்பிட்டிருக்கிறது. ஆகவே தள்ளிப்போட வேண்டாம். அழைத்துப் போக வேண்டியவர் உங்கள் கணவர். நீங்கள் சொன்னால் குறை சொல்வதாகவே மாமாவுக்குப் படும்.

அவரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். கூட்டம் சேருமுன் ஆறரை மணிக்கே போய், பரோட்டாக் கல்லிலிருந்து தள்ளியிருக்கும் மேசையில் அவரைச் சுவரோரமாக உட்கார வையுங்கள். விளக்கு வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும். கையைத் தொட்டு, அவர் உங்களைப் பார்த்த பிறகு பேசுங்கள். குரலை உயர்த்தாமல், கொஞ்சம் தாழ்த்தி நிதானமாகச் சொல்லுங்கள். பரிசு வாங்கிய கதையை மகள் வீட்டில், தாத்தாவுக்கு எதிரே உட்கார்ந்து இன்னொரு முறை சொல்லட்டும். அதற்கு முன் இதையெல்லாம் அவளுக்கு விளக்கிவிடுங்கள்.

“அப்பா அப்படித்தான்” என்பது உங்கள் கணவர் தரக்கூடிய பதில் அல்ல. அடுத்த முறை அப்பா சீறினால், அங்கேயே அவர் உங்கள் பக்கம் பேச வேண்டும். காது நன்றாக இருக்கிறது என்று பரிசோதனையில் தெரிந்தால் மறுபடி எழுதுங்கள்; அப்போது மரியாதையைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும்.

கேட்புக் கருவி தேவைப்பட்டால், தகுதியுள்ளவர்களுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் இலவசமாகவே கிடைக்கும். முதல் சில வாரங்கள் பாத்திரச் சத்தம்கூட அவரை எரிச்சல்படுத்தும். கழற்றி அலமாரியில் போட்டுவிடப் பார்ப்பார். வீட்டில் தினமும் கொஞ்ச நேரம் அணிந்து பழகட்டும். ஹோட்டலுக்கு அதைப் போட்டுக்கொண்டு போவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.